இல்லத்திற்குள் இசை வந்த வழி: பாட்டுப் பெட்டி முதல் ஸ்ட்ரீமர் வரை

அமராவதி ஆற்றின் பழைய பாசனத்தில் எட்டு ராஜவாய்க்கால்கள் உள்ளன. கல்லாபுரம், ராமகுளம், கொமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என அவை தாம் நீர் பாய்ச்சும் ஊர்களின் பெயராலேயே வழங்கப்பெறுகின்றன. வாய்க்கால் நீருக்கு ஒரு முறைமை உண்டு. மடை திறந்தால் வரும், அடைத்தால் நின்றுவிடும். திறப்பவரும் அடைப்பவரும் வேறிடத்தில் இருப்பர். ஆதலின் வாய்க்காற் பாசனம் வாய்க்கப்பெற்ற கொமரலிங்கத்து உழவரும் கையோடு ஒரு கிணற்றையும் வைத்துக்கொள்ள விரும்பினர்.

இசை குறித்த கட்டுரைக்கு இத்தொடக்கம் பொருந்துமோ என ஐயுறுவோர் உளராகலாம். 'ஸ்ட்ரீமிங்' என்று இன்று ஊரெங்கும் வழங்கும் சொல்லைத் தமிழாக்க முயல்வோர் ஓடை என்றும் தாரை என்றும் பலவாறு எழுதுகின்றனர். ஓடை எவருக்கும் உரியதன்று. தாரையோ வானின் கொடை. தொலைவில் உள்ள ஒருவர் மதகைத் திறந்துவிட, அளந்து வருவதும், கட்டணம் கட்டியவர்க்கே பாய்வதும், அடைத்த மறுகணம் வறண்டுபோவதுமாகிய இவ்விசைக்கு வாய்க்கால் என்னும் சொல்லே நெருங்கிய உவமை. இன்று ஒரு வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் இரு ஸ்பீக்கர்களும் இருந்து, அவற்றோடு இணைக்க ஸ்ட்ரீமர் என்னும் சிறு கருவியைத் தெரிந்தெடுக்க நேர்கையில், எழும் வினாக்களுள் பெரும்பாலானவை புதியனவல்ல. பாட்டுப் பெட்டி வந்த நாளிலும், வானொலி வந்த நாளிலும், கேசட் வந்த நாளிலும் கொங்கு நாட்டார் அவற்றை வேறு சொற்களிற் கேட்டுள்ளனர். அவ்வரலாற்றை நோக்கினாலன்றி இன்றைய தெரிவின் அருமை புலப்படாது.

பாட்டுப் பெட்டி

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அதையடுத்த சில ஆண்டுகளில் அக்குழுவினர் தென்னாட்டுக் குரல்களையும் நாடினர். அவ்வாறு பதியப்பெற்றோருள் சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் கொங்கு நாட்டின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து உலகிற்கு அறிவித்தவர்கள். பழனிக் குஞ்சரம் என்னும் இயற்பெயருடைய தாயி (1872–1917) நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளைப் பாடி வழங்கியவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் அக்குரலில் ஈடுபட்டு, அதன் தாக்கத்தால் தம் நாட்டு இசையில் புது முயற்சிகள் செய்தார். தேவரடியார் மரபிற் பிறந்த பெண்ணொருத்தியின் பாட்டு, கச்சேரி மேடைக்கு வரவியலாத வீடுகளுக்குள்ளும் கடல் கடந்த நாட்டு இசைக்கூடத்திற்குள்ளும் ஒரே காலத்தில் நுழைந்தது அரக்குத் தட்டின் துணையால்தான்.

அத்தட்டின் வரம்புகள் கடுமையானவை. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்தைச் சற்றுக் கடந்த அளவே பாட இயலும். மணிக்கணக்கில் விரியும் இராகத்தைப் பாடகர் அதற்குள் அடக்கியாக வேண்டும். 1925க்கு முன் மைக் கிடையாது. அகன்ற குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட, அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. ஆயினும் ஒரு பெரும் நன்மை அதற்கு இருந்தது. மின்சாரம் வேண்டாத பெட்டி அது. சாவி கொடுத்தால் ஓடும். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவை வட்டாரத்திற்குப் பரவத் தொடங்கும் முன்னரே, ஊரில் வசதி படைத்த ஒரு வீட்டுத் திண்ணையில் அப்பெட்டி பாடியது. ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும், தட்டு கீழே விழுந்தால் உடைந்துபோகும் என்னும் இரண்டையும் தவிர வேறு கவலை அதற்கில்லை. நாய் மார்க்குத் தட்டு எந்த நிறுவனத்துப் பெட்டியிலும் பாடிற்று என்பதையும் இவண் நினைவிற் கொள்ளல் வேண்டும். தட்டும் பெட்டியும் ஒன்றையொன்று கட்டிப்போடவில்லை.

1930களில் இசைத்தட்டு வணிகம் பெருகியது. காரைக்குடியில் தந்தையார் கடையில் தட்டு விற்கத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸை நிறுவித் தட்டுகளைத் தாமே பதிப்பிக்கலானார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் பாடிய நாடகப் பாடல்கள் நாடகக் கொட்டகை இல்லாத ஊர்களுக்கும் சென்றன. தேசியப் பாடல்கள் தட்டுகளின் வழியே பரவியதைத் தாராபுரத்திற் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்னும் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இசைத்தட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளே அன்று என்று கல்விப்புலத்தார் எண்ணியிருந்த காலத்தில் அந்நூல் செய்த பணி பெரிது.

வானொலியும் பெயர் சொல்லும் மரபும்

சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் பொருளின்றி மூடியது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. கோவைக்கு நிலையம் வந்தது 1966இல்தான். ஆனால் வானொலிப் பெட்டியைப் பற்றிய சிந்தனை கோவையில் அதற்கு முன்பே கனன்றது. ஐந்து வால்வுகள் கொண்ட பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என ஜி.டி. நாயுடு 1941இல் அறிவித்தார். அயல்நாட்டுப் பெட்டி பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த நாளில் அவ்வறிவிப்பு எவ்வளவு துணிவுடையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சிற்றூர்களில் வானொலி முதலில் வீட்டிற்குள் வரவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வந்தது. மாலையில் ஒருவர் வந்து பெட்டியைத் திருப்ப, வெளியே கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் கீழ் ஊரார் அமர்ந்து உழவர் நிகழ்ச்சியும் செய்தியும் கேட்டனர். எதைக் கேட்பது என்னும் தெரிவு அங்குக் கேட்போரிடம் இல்லை. டிரான்சிஸ்டர் வந்து விலை குறைந்த பின்னரே பெட்டி வரப்புக்கும் களத்துமேட்டுக்கும் சென்றது. அப்போதும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பாட்டுக்குச் சந்தா கட்டுதல் இன்று தோன்றிய வழக்கம் என எண்ணும் இளைஞர்க்கு அவ்வுரிமப் புத்தகத்தைக் காட்டினால் வியப்படைவர்.

1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து விலக்க முற்பட்டார். செவ்விசையை மக்கள் கேட்கச் செய்தல் அவர்தம் நோக்கம். விளைவு வேறாயிற்று. கேட்போர் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றனர். இரண்டாம் உலகப் போரின்போது படையினர்க்காகக் கொழும்பில் நிறுவிய வலிய ஒலிபரப்பி போருக்குப் பின் அந்நிலையத்தார் கைக்கு வந்திருந்தது; 1950இல் வணிக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதியைத் தொடங்கி அகில இந்திய வானொலி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. மடையை அடைத்தவுடன் நீர் வேறு வழி தேடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று இசை வரலாற்றில் அரிது.

இலங்கை வானொலி தமிழர்க்குச் செய்த நற்பணி ஒன்று போதிய அளவு பேசப்படவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்கள் பாடலுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயரையும் பாடியோர் பெயரையும் இசையமைத்தவர், எழுதியவர் பெயர்களையும் எடுத்தோதினர். எழுத்தறியாத ஒருவர்கூட ஒரு பாடலை எழுதியவர் யார் எனச் சொல்லும் நிலை அதனால் உண்டாயிற்று. உடுமலைக்கு அருகே பூளவாடியில் 1899இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் பாட்டெழுதப் பழகி, 'நல்லதம்பி' (1949) படத்தில் கலைவாணர் நடத்திய கிந்தனார் காலட்சேபம் உட்படப் பெருந்தொகையான திரைப்பாடல்களை யாத்த உடுமலை நாராயணகவியின் பெயர், அவரை நேரிற் காணாத பல்லாயிரவர் நாவில் வழங்கியது இத்தகைய அறிவிப்புகளாலும், திரையரங்க வாயிலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களாலுமே ஆகும்.

பதிவு நிலையங்கள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த சிறு கேசட் தமிழகச் சிற்றூர்களை எட்டப் பதினைந்தாண்டுகளுக்கு மேலாயிற்று. எட்டியபின் அது செய்த மாற்றம் இசைத்தட்டு செய்ததினும் பெரிது. இசைத்தட்டில் வெளியிட்டவர் வைத்த வரிசையே வரிசை. வானொலியில் நிலையத்தார் வரிசையே வரிசை. கேட்பவர் தமக்கு வேண்டிய வரிசையைத் தாமே வகுத்தது முதன்முதலாகக் கேசட்டில்தான்.

உடுமலை, பழனி, தாராபுரம், திருப்பூர் என எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியும் 1980களில் ஒரு பதிவு நிலையம் இருந்தது. சுவர் நிறைய இசைத்தட்டுகளின் அட்டைகள்; உள்ளே இரண்டு மூன்று டெக்குகள். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து தருவர். அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறு நிமிடக் கேசட்டா என்பது முதல் வினா. தொண்ணூறில் நாடா மெல்லியது, சிக்கும் என்று கடைக்காரர் எச்சரிப்பார். பக்கத்தின் இறுதியில் இரண்டு நிமிடம் எஞ்சினால் அதை எப்பாட்டால் நிரப்புவது என்பது அடுத்த வினா. கணக்குப் பாடத்தில் தேறாத இளைஞர்கூட இக்கூட்டலில் பிழை செய்ததில்லை. அப்பட்டியல்கள் பள்ளி நோட்டுத் தாளில் நீல மையால் எழுதப்பெற்றவை. தமிழ்ப் பாட்டுக்குத் தலைப்பு கிடையாது, முதலடியே பெயர். ஆதலின் பட்டியல் முழுதும் முதலடிகளே நிற்கும். பாட்டில் வரும் ஒரு தொடரையே அப்பாட்டுக்குப் பெயராக்கும் வழக்கம் பதிற்றுப்பத்தில் உள்ளதை அறிந்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது.

அந்நிலையங்கள் பதிப்புரிமைச் சட்டத்தை மதித்தவையல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பாடியவர்க்கும் எழுதியவர்க்கும் அவற்றால் ஒரு காசும் சென்றதில்லை. எனினும் நிறுவனங்கள் மறுபதிப்புச் செய்யாமற் கைவிட்ட பழம்பாடல்கள் சில இன்று கிடைப்பது அக்கேசட்டுகளிலிருந்தே என்பதும் மெய்.

அக்காலத்து வீட்டு ஒலியமைப்பும் தனிச்சுவை உடையது. ஊர் ரேடியோ மெக்கானிக் தாமே பூட்டித் தந்த ஆம்ப்ளிஃபயர். மரப்பெட்டி செய்யப் பணமில்லாதார் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் வைத்துக் கட்டினர். பானையின் அளவிற்கேற்ப அடிநாதம் மாறும் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் அறிந்திருந்தனர். அடைப்பின் கொள்ளளவுக்கும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கூறும் இயற்பியலை அவர்கள் படித்ததில்லை. கடம் வாசிக்கும் நாட்டில் பானையின் ஒலியை அறியாதார் யார்?

எண்களாகிய இசை

1982இல் சந்தைக்கு வந்த குறுந்தட்டு இசையை எண்ணாக்கியது. ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் எழுதி, இடம் வலம் என இரு தடங்களையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் ஆகின்றது. மாந்தர் செவி 20,000 அதிர்வுக்கு மேல் உணராது. உணரும் உச்சத்தின் இருமடங்குக்குச் சற்று மிகுதியாக அளந்தால் அலையை முழுமையாக மீட்கலாம் என்னும் கணிதத்தின்மேல் நின்ற எண் அது. பின்னர் வந்த எம்.பி.3, செவி தவறவிடும் எனக் கருதப்பட்ட பகுதிகளை நீக்கி அதனை 320 அல்லது 128 கிலோபிட்டாகச் சுருக்கியது. 2001இல் வெளிவந்த ஃப்ளாக் என்னும் முறையோ எதனையும் நீக்காமல் ஏறக்குறையப் பாதியாக மடித்து வைப்பது. விரித்தால் மூலம் பிட் பிறழாது கிடைக்கும். நான்கு நிமிடப் பாடல் ஃப்ளாக்கில் 25 மெகாபைட் எனக் கொண்டால், ஒரு டெராபைட் வட்டில் நாற்பதாயிரம் பாடல்கள் அடங்கும். ஓர் இல்லத்தார் வாழ்நாளெல்லாம் கேட்டாலும் தீராத கிணறு அது.

வாய்க்காலின் பக்கமோ வரவும் மறைவும் விரைந்து நிகழ்ந்தன. சாவன் 2007இலும் கானா 2010இலும் தோன்றின. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவிற்கு வந்தது. 2014இல் தொடங்கிய விங்க் மியூசிக் 2024இல் மூடப்பெற்றது. ரெஸ்ஸோ அவ்வாண்டின் சனவரியோடு இந்தியாவிற் சேவையை நிறுத்திற்று. இசை நிறுவனத்தோடு உடன்பாடு முறிந்தமையால் 2023இல் ஜீ மியூசிக்கின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. பல்லாண்டுகளாகத் தொகுத்து வைத்த பட்டியலில் பாதிப் பெயர்கள் ஓரிரவில் மங்கிப்போன வீடுகள் பல. 2017இல் சரிகம நிறுவனம் பழைய வானொலிப் பெட்டி வடிவில் ஐயாயிரம் பாடல்களை உள்ளடக்கி வெளியிட்ட காரவான் பெருவெற்றி பெற்றதன் காரணம் இங்கு விளங்கும். இணையம் வேண்டாத, சந்தா வேண்டாத, திருகினால் பாடும் பெட்டி அது. ஒலிநயம் தேடுவோர் அதனை எள்ளினர்; முதியோர் அணைத்துக்கொண்டனர். முதியோர் தெரிவில் அறிவுடைமை மிகுதி என்றே கூறத் தோன்றுகின்றது.

தெரிவின் இயல்பு

வீட்டில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயர் உள்ளவர் ஸ்ட்ரீமர் வாங்கப் புகும்போது முதலில் தெளிய வேண்டியது, கைப்பேசியின் புளூடூத் இருக்க இது எதற்கு என்பதாகும். புளூடூத்தில் பாட்டு கைப்பேசி வழியாகவே செல்கின்றது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். முன்பே சுருக்கிய ஒலி வழியில் இன்னொரு முறை சுருக்கப்படும். வைஃபை வழி இயங்கும் ஸ்ட்ரீமரோ பெரும்பாலும் தானே இணையத்திலிருந்தோ வீட்டு வட்டிலிருந்தோ பாடலைப் பெறுகின்றது. கைப்பேசி ஏவலிடுவதோடு அமைகின்றது. பெற்ற எண்களை மின்னலையாக மாற்றும் பகுதிக்கு டி.ஏ.சி. என்று பெயர். அது ஸ்ட்ரீமருக்குள்ளேயே இருப்பின் சிவப்பு வெள்ளைக் கம்பிகளால் ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' வாயிலில் இணைத்துவிடலாம். 'ஃபோனோ' எனக் குறித்த வாயிலில் இணைத்தல் ஆகாது. அது இசைத்தட்டு ஊசியின் நுண்மின்னைப் பெருக்கவும் தட்டுக்கேற்ப ஒலியைச் சமன்செய்யவும் அமைந்தது. அதில் இணைத்தால் ஒலி சிதையும்.

அடுத்து ஒலித்தரம். நொடிக்கு 1,92,000 முறை அளந்த கோப்பு, 24 பிட் என்றெல்லாம் விளம்பரங்கள் முழங்குகின்றன. குழல்வாயிற் பாடிய தாயியின் தட்டில் மூவாயிரம் அதிர்வுக்கு மேல் செய்தி மிகக் குறைவு. சுந்தராம்பாளின் மின்பதிவுத் தட்டுகளிலும் அதனை ஓரளவே கடக்கலாம். அத்தகைய பாடல்களைக் கேட்கும் வீட்டிற்குக் குறுந்தட்டின் தரமே மிகை. ஆப்பிள் மியூசிக் 2021இலும் ஸ்பாட்டிஃபை 2025இலும் இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கிய பின்னர் இவ்வினாவின் கூர்மை மழுங்கிவிட்டது. மிஞ்சும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கும், சுவர் தடித்த பழைய வீடாயின் ரூட்டரிலிருந்து ஒரு கம்பி இழுப்பதற்கும் செலவிடுதல் தக்கது. கருநாடக இசை கேட்போர் மட்டும் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆலாபனையும் கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் தனித்தனிக் கோப்புகளாயிருக்க, அவற்றிடையே கருவி ஒரு நொடி இடைவெளி விட்டால் கச்சேரி துண்டாடப்படும். இடைவெளியின்றி இசைக்கும் திறன் எல்லாக் கருவிகட்கும் இல்லை.

எல்லாவற்றினும் பெரிய வினா, கருவி எத்தனை காலம் வாழும் என்பது. கிராமபோன் பெட்டி செய்த நிறுவனம் அழிந்தாலும் பெட்டி பாடியது. ஸ்ட்ரீமர் அத்தகையதன்று. கூகுள் 2015இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ மலிவானது, நல்லது. 2019இல் அதன் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் அதனுள் இருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்தமையால் உலகெங்கும் அக்கருவிகள் ஒருசேர வாய்மூடின. நிறுவனத்தார் திருத்தம் அனுப்பிய பின்னரே மீண்டன. 2024 மேயில் சோனோஸ் நிறுவனம் தன் கைப்பேசிச் செயலியை மாற்றியபோது, பெரும்பொருள் கொடுத்து வாங்கியோர் முன்பிருந்த வசதிகள் பலவற்றை இழந்தனர். கருவியிற் பழுதில்லை, தொலைவில் இருந்த மதகு மாறிற்று.

இதற்கு மறுதலையான வரலாறு ஸ்க்வீஸ்பாக்ஸினுடையது. ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம் 2003இல் அதனை வெளியிட்டது. 2006இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கி, 2012இல் உற்பத்தியைக் கைவிட்டது. அதன் இணையச் சேவையும் 2024இல் நின்றது. ஆனால் பாடல்களை வழங்கும் மென்பொருள் தொடக்கம் முதலே எவரும் காணவும் திருத்தவும் இயலும் திறந்த மூலமாக இருந்தது. பயன்படுத்துவோரே அதனைப் பேணி, 'லிரியான்' எனப் புதுப்பெயரிட்டு நடத்துகின்றனர். இருபதாண்டு கடந்த பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. 2012இல் வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் அதே மென்பொருளையோ வொலூமியோ போன்ற பிறிதொன்றையோ ஏற்றி, டி.ஏ.சி. பலகை ஒன்றைப் பொருத்தினால் மலிவான ஸ்ட்ரீமர் ஆகிவிடும். மண்பானையில் ஸ்பீக்கர் கட்டிய மரபினர்க்கு இது கைவராத கலையன்று. அத்தகைய பொறுமை இல்லாதார் விம் போன்ற ஆயத்தக் கருவிகளை நாடலாம். சந்தாச் சேவைகளோடு வீட்டு வட்டிலுள்ள கோப்புகளையும் இசைக்க வல்லதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

பாடினார் பெயரும் பண் வகுத்தார் பெயரும்

உ.வே. சாமிநாதையர் பதிற்றுப்பத்தை அச்சிட்ட 1904ஆம் ஆண்டும், தென்னாட்டுக் குரல்கள் தட்டிற் பதியத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. பரிபாடல் 1918இல் வெளிவந்தது. பரிபாடலைத் தொகுத்த பண்டையோர் பாடல்தோறும் அடிக்குறிப்பு வைத்தனர். பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் என மூன்றும் அதில் உண்டு. பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் ஆகிய இசையறிஞர்களை நாம் அறிவது அக்குறிப்புகளால் மட்டுமே. அவர்கள் வகுத்த இசை முற்றும் மறைந்தது. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயர்கள் நின்றன.

இன்று நிலைமை தலைகீழ். ஒலி பிட் பிறழாமல் நிற்கின்றது, பெயர் உதிர்கின்றது. 1996இல் எம்.பி.3 கோப்புகளுக்கென வகுத்த ஐ.டி.3 என்னும் குறிப்பு முறையில் பாடல் தலைப்பு, கலைஞர், தொகுப்பு என்பவற்றிற்கு முப்பது முப்பது எழுத்துகள் ஒதுக்கினர். மேலைநாட்டுப் பாடகர் தாமே எழுதித் தாமே பாடும் வழக்கத்தை மனத்திற்கொண்டு அமைத்த சட்டகம் அது. எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், பாடுபவர் இருவர், நடித்தவர் பெயரால் அறியப்படும் படம் வேறு என்னும் தமிழ்த் திரைப்பாடல் அச்சட்டகத்தில் அடங்காது. 'கலைஞர்' என்னும் கட்டத்தில் ஒரு சேவை பாடகரை இடுகின்றது. மற்றொன்று இசையமைப்பாளரை இடுகின்றது. பாடலாசிரியர்க்கு இடமேயில்லை. பின்னாளில் சில சேவைகள் ஆக்கியோர் விவரம் என ஒரு பக்கம் வைத்தன. அது தேடித் திறப்போர்க்கே தெரியும், அதிலும் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ஒரே தலைப்பின்கீழ் நிற்பதுண்டு. இளையராஜா என்னும் ஒரே பெயர் உரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாய் எழுதப்பட, ஒருவர் பலராகிப் பட்டியலிற் சிதறுகின்றார்.

சொந்தக் கோப்பு வைத்திருப்போர்க்கு மட்டும் இதற்குத் தீர்வு உண்டு. 1998இல் வந்த ஐ.டி.3யின் இரண்டாம் பதிப்பில் பாடலாசிரியர்க்கெனத் தனிக்கட்டம் அமைந்தது. ஃப்ளாக் கோப்பிலோ வேண்டிய கட்டங்களை நாமே உண்டாக்கித் தமிழெழுத்திலேயே நிரப்பலாம். இராகம், தாளம், படம், ஆண்டு எதுவாயினும் ஆகும். ஆயினும் எழுதியதைக் கருவி காட்ட வேண்டுமே! சில கருவிகளின் திரையில் தமிழெழுத்து வெறுங் கட்டங்களாய்த் தெரிகின்றது; சில, கால் கொம்புகளை இடம்மாற்றிக் காட்டுகின்றன; சில, பாடலாசிரியர் கட்டத்தை இருந்தும் படிப்பதில்லை. ஆதலின் கடையில் ஸ்ட்ரீமரைச் சோதிக்கச் செல்வோர், பெயர்க்குறிப்புகளைத் தமிழில் நிரப்பிய பாடல்கள் பத்தை ஒரு யு.எஸ்.பி.யில் எடுத்துச் செல்லுதல் நன்று. ஒலியைக் கேட்கும் முன் திரையைப் பார்க்கலாம்.

குறிப்புகளை நிரப்பச் சான்றுகளுக்குக் குறைவில்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் பேணப்படுகின்றன. வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரண்களிலும் அப்புத்தகங்கள் அட்டை கிழிந்து கிடத்தல் கூடும். 'பாடல்கள்: உடுமலை நாராயணகவி' என்னும் வரி அவற்றுள் முதற்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். பாட்டொன்றுக்கு இரண்டு நிமிடம் எனக் கொண்டால், அவர் பெயரைக் கோப்புகளில் ஏற்றும் வேலை ஓர் இலக்கிய வட்டத்தின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும்.